சியாட்டிக் நரம்பு எந்த வழியால் வருகிறது? டிசெக்‌ஷன் மேசைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு, கல்முனையிலிருந்தோ களுவாஞ்சிக்குடியிலிருந்தோ வாழைச்சேனையிலிருந்தோ மட்டக்களப்பு மருத்துவ பீடத்துக்கு வரும் பிள்ளைகள் முதல் சில மாதங்களில் உடற்கூற்றியலை ஒரு பெயர்ப்பட்டியலாகத்தான் பார்ப்பார்கள். அட்லஸில், அதாவது உடற்கூற்றுப் படப் புத்தகத்தில், நரம்பு மஞ்சள், நாடி சிவப்பு, நாளம் நீலம். டிசெக்‌ஷனுக்காக, அதாவது அறுத்துப் படிப்பதற்காக, மேசையில் கிடக்கும் உடலில் எல்லாம் ஒரே பழுப்பு. அதற்குக் கண் மெல்ல மெல்லப் பழகிவிடும். நரம்பு அட்லஸ் காட்டிய இடத்தில் இல்லாமல் வேறு வழியால் வரும்போதுதான் பலருக்குக் கை நின்றுவிடுகிறது. சிலர் "இது நரம்பாக இருக்காது" என்று முடிவெடுத்துக் கொழுப்போடு சேர்த்து வெட்டியும் விடுகிறார்கள்.

பிட்டப் பகுதியில் இதற்கு வாய்ப்பு அதிகம். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சியாட்டிக் நரம்பும், பிட்டத்துக்குள் ஆழமாகக் கிடக்கும் பிரிபோர்மிஸ் தசையும் ஒன்றையொன்று கடக்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளின் வலப்பக்கமும் இடப்பக்கமும்கூட ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றில்லை. அந்த இடத்தை முதல் தடவை திறக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாதியர் பயிற்சியில் ஊசி போடப் பழகும் பிள்ளைகளும் பிசியோதெரபி படிப்பவர்களும் கடைசிப் பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

வழமையான நிலையை முதலில் மனதில் வையுங்கள்

உடலிலேயே தடித்த நரம்பு சியாட்டிக். தொடங்கும் இடத்தில் ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். உருண்டையாக இல்லாமல் பட்டி போலத் தட்டையாக இருக்கும். எல் 4 (நாலாவது நாரி நரம்பு) முதல் எஸ் 3 (மூன்றாவது திரிக நரம்பு) வரையான ஐந்து முள்ளந்தண்டு நரம்புகளிலிருந்து உருவாகி, பெரிய சியாட்டிக் துவாரத்தால் இடுப்புக் குழியை விட்டு வெளியே வருகிறது. வரும் இடம் பிரிபோர்மிஸ் தசையின் கீழ் விளிம்பு. அங்கிருந்து மேல் ஜெமலஸ், ஒப்டுரேற்றர் இன்டர்னஸின் தசைநாண், கீழ் ஜெமலஸ், குவாட்ரேட்டஸ் பெமொரிஸ் என்ற தசைகளில் வரிசையாக ஒவ்வொன்றின் முதுகிலும் படுத்துக்கொண்டு தொடைக்கு இறங்கும். முழங்காலுக்குப் பின்னாலுள்ள பள்ளத்தின் மேல்முனைக்குக் கிட்ட இரண்டாகப் பிரியும்.

ஆனால் அது தொடக்கத்திலிருந்தே இரண்டு நரம்புதான். டிபியல், கொமன் ஃபிபுலர் என்ற இரண்டும் ஒரே உறைக்குள் ஓடும் இரண்டு வயர் போலச் சேர்ந்து வருகின்றன. டிபியல் கூறு, அந்த ஐந்து நரம்புகளும் சேரும் பின்னலின் முன்பக்கப் பிரிவுகளிலிருந்தும், ஃபிபுலர் கூறு பின்பக்கப் பிரிவுகளிலிருந்தும் வருகிறது. உறைக்குள்ளும் ஃபிபுலர் வெளிப்பக்கம், டிபியல் உட்பக்கம். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் வேறுபாடுகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டும் வழமைக்கு முன்னரே பிரிந்தோ, சேராமலோ இருந்தால், நடுவில் பிரிபோர்மிஸ் தசை வந்து நிற்க இடம் கிடைக்கிறது. வேறுபாடுகளில் பெரும்பாலானவை இதன் விளைவுதான்.

1937 இல் பீட்டன், அன்சன் என்ற இருவர் இவற்றை ஆறு வகையாகப் பிரித்தார்கள். இன்றும் உலகம் முழுக்க அந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறோம். முதலாவது வழமையான வகை: பிரியாத நரம்பு, பிரியாத தசைக்குக் கீழால் வரும். இரண்டாவதில் தசை இரண்டு தலையாகப் பிளந்திருக்கும். ஃபிபுலர் அந்தப் பிளவுக்குள்ளாலும் டிபியல் தசைக்குக் கீழாலும் வரும். வேறுபாடுகளுக்குள் அதிகம் காணப்படுவது இதுதான். மூன்றாவதில் தசை பிளந்திருக்காது. ஃபிபுலர் தசைக்கு மேலால், டிபியல் கீழால். நான்காவதில் நரம்பு பிரியாமல் முழுதாகவே தசையைத் துளைத்து வரும். ஐந்தாவதில் ஒரு கூறு தசைக்கு மேலால், மற்றது தசைக்குள்ளால். ஆறாவதில் முழு நரம்பும் தசைக்கு மேலால். கடைசி இரண்டையும் அவர்கள் அப்போது "இப்படியும் இருக்கலாம்" என்ற ஊகமாகத்தான் சேர்த்தார்கள்.

எவ்வளவு அடிக்கடி? 2010 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அதுவரை உலகில் வெளிவந்த ஆய்வுகளிலிருந்து ஆறாயிரத்துக்கும் அதிகமான மாதிரிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 16.9 வீதத்தில் வழமைக்கு மாறான அமைப்பு இருந்தது. ஏறக்குறைய ஆறில் ஒன்று. உங்கள் அறையில் சில மேசைகள் இருந்தாலே, எங்கோ ஒன்றில் இது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதனால்தான் கவனமாகத் திறக்கச் சொல்கிறேன்.

முதல் படி: கத்தியைத் தொடுமுன் எலும்பைத் தொடுங்கள்

உங்கள் உடம்பிலேயே தொடங்கலாம். நாரிக்குக் கீழே, முதுகின் இரு பக்கமும் சிறு குழி போலத் தெரியும் இடத்தில் இடுப்பெலும்பின் பின்மேல் முனை இருக்கிறது. கதிரையில் நிமிர்ந்து இருக்கும்போது கதிரையில் அழுந்தும் எலும்பு இஸ்கியல் டியூபரோசிற்றி. தொடையின் வெளிப்பக்கம் மேலே கையை வைத்துக் காலை உள்ளும் புறமும் திருப்பினால் உள்ளங்கைக்குக் கீழே உருளும் எலும்பு பெரிய ட்ரொகன்ரர். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொட வர வேண்டும்.

பின்மேல் முனைக்கும் வாலெலும்பின் நுனிக்கும் நடுப்புள்ளியிலிருந்து பெரிய ட்ரொகன்ரரின் உச்சிக்கு ஒரு கோடு போடுங்கள். அது பிரிபோர்மிஸின் கீழ் விளிம்பு. பிறகு இஸ்கியல் டியூபரோசிற்றிக்கும் ட்ரொகன்ரருக்கும் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். சியாட்டிக் அந்த நடுப்புள்ளிக்குச் சற்று உட்பக்கமாக இறங்கும். உடலைக் குப்புறக் கிடத்தி, இடுப்புக்குக் கீழே கட்டை வைத்து, இந்தக் கோடுகளைத் தோலில் வரைந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுவார்கள். பிறகு கொழுப்புக்குள் வழி தெரியாமல் நிற்பதும் அவர்கள்தான்.

இரண்டாம் படி: குளூட்டியஸ் மக்சிமஸைத் திருப்புதல்

தோலையும் கொழுப்பையும் அகற்றினால் முதலில் வருவது பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மக்சிமஸ். அதன் நார்க்கட்டுகள் மிகத் தடிப்பானவை. விரலால் தடவினாலே ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், சாய்வாகக் கீழும் வெளியுமாக ஓடும். கீழ் விளிம்பைச் சுத்தப்படுத்தி, அதன் கீழால் இரண்டு விரலை உள்ளே விடுங்கள். உள்ளே தளர்வான கொழுப்பு. விரல் போகப் போகத் தசை தானாகவே மேலெழும்பும்.

வெட்டு எப்போதும் உங்கள் விரலுக்கு மேலேதான் விழ வேண்டும். தசையை அது தொடங்கும் பக்கத்துக்குக் கிட்டவாக வெட்டி வெளிப்பக்கமாகத் திருப்பினால், ஒரு நரம்பும் கூடவே நாடி நாளங்களும் தசையின் அடிப்பக்கத்துக்குள் நுழைவதைக் காண்பீர்கள். அது கீழ் குளூட்டியல் நரம்பு. இழுவையில் அது அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவும் சில உடல்களில் பிரிபோர்மிஸைத் துளைத்து வருவதுண்டு. அறுந்துவிட்டால், பிறகு தசைக்குள்ளால் வரும் நரம்பு எது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

மூன்றாம் படி: பிரிபோர்மிஸைப் பிடியுங்கள்

இங்கே நேரம் எடுங்கள். பிட்டப் பகுதிக்கே திறப்பு இந்தத் தசைதான். திரிக எலும்பின் முன்பக்கத்திலிருந்து தொடங்கி, துவாரத்தால் வெளியே வந்து, ட்ரொகன்ரரின் மேல்முனையில் போய்ச் சேரும். உட்பக்கம் அகலம், வெளிப்பக்கம் ஒடுங்கித் தசைநாணாகும். அதற்கு மேலால் வருவது மேல் குளூட்டியல் நரம்பும் நாடி நாளங்களும். மற்றவை எல்லாம் கீழால்: சியாட்டிக், கீழ் குளூட்டியல், பியூடென்டல், தொடையின் பின்பக்கத் தோல் நரம்பு, ஒப்டுரேற்றர் இன்டர்னஸுக்கும் குவாட்ரேட்டஸ் பெமொரிஸுக்கும் போகும் நரம்புகள்.

இப்போது கத்தியை வைத்துவிடுங்கள். விரலும் முனை மழுங்கிய போர்செப்ஸும் போதும். தசையின் மேல் விளிம்பு முழுவதையும் முதலில் பாருங்கள், பிறகு நடு, பிறகு கீழ் விளிம்பு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. எல்லோரும் நேராகக் கீழ் விளிம்புக்குத்தான் போவார்கள். அங்கே ஒரு தடித்த நரம்பு கிடைத்ததும் "கிடைச்சிட்டு" என்று நின்றுவிடுவார்கள். கிடைத்தது டிபியல் மட்டுமாக இருக்கலாம். ஃபிபுலர் மேலாலோ தசைக்குள்ளாலோ வந்துகொண்டிருக்கலாம்.

ஒரு மேசையில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அக்கரைப்பற்றுப் பிள்ளை ஒருத்தி கீழ் விளிம்பில் கிடைத்த நரம்பை அளந்துவிட்டு, "மிஸ், இது மெல்லிசாக் கிடக்கு, படத்தில இருக்கிற மாதிரி இல்ல" என்றாள். அளவு குறைவாக இருப்பதை அவள் பொருட்படுத்தியது நல்லதாகப் போயிற்று. தசையின் நார்களை விரலால் மெல்ல விலக்கச் சொன்னேன். தசைக்கு நடுவே பளபளப்பான ஒரு தசைநாண் பட்டி, அதை ஒட்டி வெளியே வரும் தட்டையான வெண்ணிற நரம்பு ஒன்று. இரண்டையும் கீழ்நோக்கித் தொடர்ந்தபோது, குவாட்ரேட்டஸ் பெமொரிஸுக்கு மேலே பக்கம் பக்கமாக வந்து சேர்ந்தன. இரண்டாம் வகை. மற்றப் பக்கத்தைத் திறந்தபோது அங்கே வழமையான அமைப்பு.

நரம்பு எதிர்பார்த்ததைவிட மெல்லியதாக இருந்தால், மிச்சம் எங்கே என்று தேடுங்கள்.

நான்காம் படி: இரண்டு முனையிலிருந்தும் தொடருங்கள்

மேலே கண்டதை வைத்து மட்டும் பெயர் சூட்ட வேண்டாம். முழங்காலின் பின்பள்ளத்தைத் திறந்து, அங்கே டிபியல் எது, கொமன் ஃபிபுலர் எது என்று உறுதியாக அடையாளம் காணுங்கள். ஃபிபுலர், தொடையின் பின்பக்கத் தசையான பைசெப்ஸ் பெமொரிஸின் தசைநாணை ஒட்டி வெளிப்பக்கமாகப் போய், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றும். டிபியல் நேராக நடுவால் இறங்கும். அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள். கீழே பெயர் உறுதியானால் மேலே குழப்பம் வராது.

தொடையில் வேலை செய்யும்போது நரம்பின் வெளிப்பக்கத்தால் சுத்தப்படுத்துங்கள். தொடையின் பின்பக்கத்திலுள்ள ஹாம்ஸ்ட்ரிங் தசைகளுக்குப் போகும் கிளைகள் டிபியல் கூறிலிருந்து உட்பக்கமாகவே பிரிகின்றன. வெளிப்பக்கத்தில் உள்ள ஒரே விதிவிலக்கு, பைசெப்ஸ் பெமொரிஸின் குறுந்தலைக்கு ஃபிபுலர் கூறு கொடுக்கும் கிளை. மெல்லியது, தேடித்தான் எடுக்க வேண்டும். அதைக் காப்பாற்றி வையுங்கள். வார்டில் அதற்கு வேலை இருக்கிறது.

ஏமாற்றும் இடங்கள்

முதலாவது, நாமே உண்டாக்கும் "வேறுபாடு". உறைக்குள் இருக்கும் இரண்டு கூறுகளையும் விரலால் இழுத்தாலே சுலபமாகப் பிரிந்துவிடும். பிரித்துவிட்டு "இடுப்பிலேயே பிரிந்த நரம்பு" என்று எழுதுவது பிழை. நடுவில் தசையோ தசைநாணோ இருந்தால் சந்தேகமில்லை. இரண்டும் பிரிபோர்மிஸுக்குக் கீழால் பக்கம் பக்கமாக வந்திருந்தால், அவற்றைத் தொடுமுன் நடுவில் என்ன இருந்தது என்று பார்த்திருக்க வேண்டும். சுத்தமான கொழுப்பு இடைவெளி இருந்ததா, ஒரே உறை இருந்ததா? இதற்காகத்தான் இழுக்குமுன் பார்த்து எழுதச் சொல்கிறோம்.

இரண்டாவது, தொடையின் பின்பக்கத் தோல் நரம்பு. சியாட்டிக்கின் முதுகிலோ உட்பக்கத்திலோ ஒட்டிக்கொண்டு வரும். அவசரத்தில் பார்த்தால் தனியாகப் பிரிந்த டிபியல் போலத் தோன்றும். பைசெப்ஸின் நீண்ட தலையில் வைத்துச் சோதியுங்கள்: சியாட்டிக் அதற்கு ஆழமாகப் போகும், தோல் நரம்பு அதற்கு மேலால் போகும்.

மூன்றாவது, பிரிபோர்மிஸுக்கு மேலால் வரும் மேல் குளூட்டியல் நரம்பை ஃபிபுலர் என்று நினைப்பது. அது வெளிப்பக்கம் திரும்பி குளூட்டியஸ் மீடியஸுக்கும் மினிமஸுக்கும் இடையே நுழைந்துவிடும். ஃபிபுலர் என்றால் பிரிபோர்மிஸின் முதுகைத் தாண்டிக் கீழே இறங்கும்.

ஐந்தாம் படி: எழுதி வையுங்கள்

ஒரு தாளில் பக்கம், ஆணா பெண்ணா, பீட்டன் அன்சன் வகை, தசை பிளந்திருக்கிறதா, இரண்டு கூறும் எங்கே சேர்கின்றன, பிரிபோர்மிஸின் கீழ் விளிம்பிலிருந்து அந்த இடம் எத்தனை சென்ரிமீற்றர் என்பவற்றை எழுதுங்கள். வளைவான தூரத்தை நூலால் அளந்து, நூலை அடிமட்டத்தில் வையுங்கள். படம் கையால் வரையுங்கள். அழகாக இருக்கத் தேவையில்லை. எது எதற்கு மேலால் போகிறது என்பது தெளிவாக இருந்தால் போதும். மற்றப் பக்கத்தையும் கட்டாயம் பார்த்து எழுதுங்கள்.

போனை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம். துறையின் அனுமதியோடு, முறையாக எடுப்பது வேறு விஷயம். அந்த உடல் ஒருவருடைய அப்பாவோ அம்மாவோ. தன் உடலைப் பிள்ளைகள் படிக்கட்டும் என்று கொடுத்த ஒருவருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அதை அக்கறையாகப் படிப்பதும் வெளியே காட்சிப்படுத்தாமல் இருப்பதும்தான். வேலை முடிந்ததும் பகுதியை ஈரத்துணியால் மூடுங்கள். எங்கள் வெயிலில் நரம்பு சீக்கிரம் காய்ந்து நார் போலாகிவிடும், அடுத்த நாள் எதையும் பிரித்தறிய முடியாது.

வார்டில் இதற்கு என்ன வேலை?

ஊசியிலிருந்து தொடங்குகிறேன். பிட்டத்தில் ஊசி போட வேண்டி வந்தால் மேல் வெளிக் கால்பகுதி என்று சொல்லித்தருவார்கள். பிழை எங்கே நடக்கிறதென்றால், பிட்டம் என்று கண்ணுக்குத் தெரியும் சதையை மட்டும் நான்காகப் பிரிப்பதில். பிட்டப் பகுதி மேலே இடுப்பெலும்பின் விளிம்பு வரை போகிறது. சாரத்தையோ பாவாடையையோ கொஞ்சம் இறக்கிவிட்டு, எலும்பைத் தொடாமல், தெரிகிற சதையில் மேல்வெளிப் பக்கம் என்று குத்தினால் ஊசி உண்மையில் நடுவில் விழும். எலும்பைத் தொட்டுப் பாருங்கள். ஆளுக்குக் கூச்சம் என்றால் திரை போட்டுவிட்டுக் கேளுங்கள், "ஐயா, கொஞ்சம் இறக்கி விடுங்க, ஊசி சரியான இடத்தில போடோணும்" என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

இதைவிடப் பாதுகாப்பானது இடுப்பின் பக்கவாட்டு இடம். ஆளின் வலது இடுப்பென்றால் உங்கள் இடது உள்ளங்கையைப் பெரிய ட்ரொகன்ரரில் வைத்து, சுட்டுவிரலை இடுப்பெலும்பின் முன்மேல் முனையில் வைத்து, நடுவிரலை எலும்பு விளிம்பு வழியே பின்னுக்கு விரியுங்கள். இரண்டு விரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணம்தான் இடம். சியாட்டிக் எந்த வகையாக இருந்தாலும், ஃபிபுலர் தசைக்கு மேலால் வந்தாலும்கூட, இந்த இடத்துக்கு வராது. சிறு குழந்தைகளுக்குப் பிட்டத்தையே தவிர்த்துத் தொடையின் வெளிப்பக்கத்தில் போடுவார்கள். ஊசி நுழையும்போது கால்வரை மின்னல் போல் வலி போகிறது என்று ஆள் சொன்னால், மருந்தைத் தள்ளாமல் உடனே வெளியே எடுங்கள்.

அடுத்தது நாரி உளைவு. படுவான்கரையிலிருந்தும் சம்மாந்துறை வயற்பக்கத்திலிருந்தும் வேளாண்மை செய்பவர்கள் பிட்டத்திலிருந்து கால்வரை இழுக்கும் வலியோடு வருவார்கள். டிசெக்‌ஷனில் இரண்டாம் வகையைப் பார்த்த உற்சாகத்தில், "நரம்பு தசைக்குள்ளால போகுது, அதுதான் வலி" என்று சொல்லிவிட வேண்டாம். நான் மேலே சொன்ன அதே தொகுப்பாய்வில், பிரிபோர்மிஸ் சிண்ட்ரோமுக்காக (அந்தத் தசை நரம்பை அழுத்தி வலி வருவதற்காக) அறுவைச் சிகிச்சை செய்தவர்களிடையே வேறுபாடு இருந்தது 16.2 வீதம், மற்ற உடல்களில் கண்டதற்கு ஏறக்குறைய சமன். வேறுபாடு இருப்பதாலேயே வலி வருகிறது என்றால், வலி உள்ளவர்களிடம் அது கூடுதலாக இருந்திருக்க வேண்டும். காலுக்கு இழுக்கும் வலிக்கு மிகப் பொதுவான காரணம் எல் 4 - எல் 5 அல்லது எல் 5 - எஸ் 1 முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் பிதுங்குவது. அதை முதலில் யோசியுங்கள். வலியோடு சிறுநீர் போக முடியாமலோ, மலத்தை அடக்க முடியாமலோ, இரண்டு தொடைக்கும் நடுவில் உணர்வு மரத்தோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டிய நிலை.

மயக்க மருந்துத் துறைக்கும் எலும்பு முறிவுத் துறைக்கும் போகிறவர்களுக்கு இந்த வேறுபாடுகள் நேரடியாகவே பயன்படும். முழங்காலின் பின்னால் நரம்பை மரக்கச் செய்யும்போது, பிரிவு மேலேயே நடந்திருந்தால் ஒரு கூறு மட்டும் மரத்து மற்றது விழித்திருக்கும். இடுப்பு மூட்டை மாற்றும் சிகிச்சையில் பின்பக்கத்தால் போகிறவர், கண்ட ஒரு நரம்பை மட்டும் காப்பாற்றிவிட்டு மற்றதை மறந்துவிடக்கூடாது.

கடைசியாக, பாதம் தொங்கிப்போய் வருபவர். சியாட்டிக் காயப்படும்போது ஃபிபுலர் கூறுதான் அதிகம் அடிபடும். அது வெளிப்பக்கமாக இருக்கிறது. அதற்குள் நார்க்கட்டுகள் எண்ணிக்கையில் குறைவு, பருமனில் பெரிது, அவற்றைத் தாங்கும் இணைப்பிழையமும் குறைவு. இடுப்பிலும் ஃபிபுலாவின் கழுத்திலும் இறுகிக் கட்டுப்பட்டும் இருக்கிறது. அதனால் பாதம் தொங்கினால் காயம் முழங்காலுக்குக் கீழேதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது, பிட்டத்தில் போட்ட ஊசியாலும் அதே தோற்றம் வரும். குதிக்காலில் நடக்கச் சொல்லிப் பாருங்கள், பாதத்தின் மேற்பக்கத்தில் உணர்வைச் சோதியுங்கள், ஃபிபுலாவின் கழுத்தை அழுத்திப் பாருங்கள், அண்மையில் ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். பிறகு ஈஎம்ஜி (தசையின் மின் செயற்பாட்டைப் பார்க்கும் பரிசோதனை) கேட்கும்போது பைசெப்ஸின் குறுந்தலையையும் சேர்த்துச் சோதிக்கும்படி எழுதுங்கள். முழங்காலுக்கு மேலே ஃபிபுலர் கூறு இயக்கும் ஒரே தசை அது. அதுவும் பாதிக்கப்பட்டிருந்தால் காயம் மேலே, சியாட்டிக் மட்டத்தில். அது நன்றாக இருந்தால் ஃபிபுலாவின் கழுத்தைச் சந்தேகிக்கலாம்.